வானலையில் இருந்து சாவி எடுப்பது: தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

இரண்டு சிறிய போர்டுகள், ஒரு பவர் பேங்க், இரண்டு நிமிட நடை. இவ்வளவும் இருந்தால், யாரும் யாருக்கும் சொல்லாத ஒரு 128 பிட் இரகசியச் சாவி (செய்தியை மறையாக்கவும் திரும்பத் திறக்கவும் உதவுகிற எண்) இரண்டு போர்டிலும் ஒரே மாதிரி வந்து நிற்கும். பாஸ்வேட் டைப் பண்ண வேண்டியதில்லை. சாவியைக் காற்றில் அனுப்ப வேண்டியதும் இல்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிற என் மருமகனிடம் இதைச் சொன்னபோது, "சும்மா கதை விடாதீங்க மாமா" என்றான். திருகோணமலை, உப்புவெளி வீட்டில் அவனுக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியல் கொஞ்சம், ஆர்டுயினோ பழக்கம் கொஞ்சம் இருந்தால் போதும்.

ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளில் வைஃபை பாஸ்வேட்டை மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். வழக்கமான டபிள்யூபிஏ2 பாதுகாப்புள்ள வைஃபையில் பாஸ்வேட் தெரிந்த ஒருவர், உங்கள் போன் ரவுட்டரோடு இணைகிற அந்த முதல் நான்கு செய்திகளையும் பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் அனுப்புவதைப் பிரித்துப் பார்க்கலாம். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மட்டம் பார்க்கிற கருவி செய்கிறவர்களும் சாவியை புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். அதே புரோகிராமைப் பத்துப் பேர் பிரதி எடுத்தால் பத்து வீட்டுக்கும் ஒரே சாவி. இரண்டு இடத்திலும் சிக்கல் ஒன்றுதான்: சாவியை யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

அலை எப்படிச் சாவி தருகிறது

ஒரு போர்டு அறை மேசையில். மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் விறாந்தையில் நிற்கிறீர்கள். மேசையில் இருந்து புறப்படுகிற அலை உங்களிடம் ஒரே வழியால் வந்து சேர்வதில்லை. ஒரு பங்கு நேரே வரும். ஒரு பங்கு மதிலில் தெறித்து வரும். இரும்பு அலுமாரி, கூரைத் தகரம், பக்கத்தில் நிற்கிற ஆளின் உடம்பு, எல்லாம் தங்கள் பங்குக்குத் தெறிக்கும். ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு நீளம் என்பதால் சில அலைகள் கூடும், சில ஒன்றையொன்று கழிக்கும். பாடத்தில் தலையீடு என்று படித்தோமே, அதுதான். கடைசியில் உங்கள் போர்டு காண்கிற சமிக்ஞையின் பலம் இந்தக் கூட்டல் கழித்தலின் விடை.

இப்போது நீங்கள் பதில் அனுப்புகிறீர்கள். அது திரும்பிப் போவதும் அதே மதில், அதே அலுமாரி, அதே தகரத்தால்தான். பேருந்து நிலையத்தில் இருந்து கோட்டை வாசலுக்குப் போனாலும் அங்கிருந்து திரும்பி வந்தாலும் ஒழுங்கைகளின் நீளம் மாறாது. அதேபோல, ஒரே மீடிறனில், இடைவெளி விடாமல் அனுப்பினால் போகிற கணக்கும் வருகிற கணக்கும் ஒன்று. இரண்டு போர்டும் ஒரே எண்ணைக் காணும், கருவிகளின் சின்னச் சின்னப் பிழைகளைத் தவிர.

மூன்றாவது ஆள் ஒருவர் ஒட்டுக்கேட்டால்? 2.4 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர். சுற்றிவரத் தெறிப்புகள் நிறைந்த இடத்தில் அரை அலைநீளம், அதாவது 6 சென்ரிமீற்றர் சொச்சம், தள்ளி நின்றாலே வழிகளின் நீளங்கள் மாறி, கூட்டல் கழித்தல் வேறு விடை தரும். அவர் உங்கள் செய்தி முழுவதையும் கேட்கலாம். ஆனால் உங்கள் இடத்தில் அது எவ்வளவு பலத்தோடு விழுந்தது என்பதை அவர் இடத்தில் இருந்து அறிய முடியாது.

இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 1975இல் தகவல் கோட்பாட்டாளர் ஆரன் வைனர், ஒட்டுக்கேட்பவருக்கு வருகிற சமிக்ஞை உங்களுக்கு வருவதைவிட மோசமானதாக இருந்தால் சாவியே இல்லாமலும் இரகசியம் காக்கலாம் என்று கணிதத்தில் காட்டினார். 1993இல் மறையாக்க ஆய்வாளர் உவேலி மௌரர் இன்னொரு வாசலைத் திறந்தார்: இருவரிடம் ஒத்துப்போகிற இரண்டு அளவீடுகள் இருந்தால், எல்லோருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டே சாவி ஒன்றுக்கு வரலாம். நாம் செய்யப்போவது மௌரரின் வழி.

தேவையானவை

இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு) போர்டு மூன்று. இரண்டு உங்களுக்கு, ஒன்று ஒட்டுக்கேட்பவருக்கு. மூன்றாவதை வாங்காமல் விடவேண்டாம். அது இல்லாவிட்டால் உங்கள் சாவி நல்லதா கெட்டதா என்று உங்களுக்கே தெரியாது. மூன்றும் ஒரே மாதிரியாக இருந்தால் நல்லது. டேட்டா போகிற யுஎஸ்பி கேபிள் வேண்டும். சார்ஜ் மட்டும் போகிற கேபிளை வைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க மாரடித்தவன் சொல்கிறேன். லப்டொப்பில் ஆர்டுயினோ ஐடிஇ, பைதன்.

வீட்டு ரவுட்டரை ஒரு முனையாக வைக்க ஆசை வரும். இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று அன்ரெனா உள்ள ரவுட்டரில் எதனால் அனுப்பியது, எதனால் வாங்கியது என்று நமக்குத் தெரியாது. வழி மாறினால் போகிற கணக்கும் வருகிற கணக்கும் மாறிவிடும். இஎஸ்பி32இல் ஒரே அன்ரெனா.

படி ஒன்று: கூப்பிடுவதும் பதில் சொல்வதும்

இஎஸ்பி-நவ் என்ற முறையில் இரண்டு போர்டையும் பேச வையுங்கள். ரவுட்டர் தேவையில்லை. முதல் போர்டு ஒரு தொடர் எண்ணை அனுப்பும்; இரண்டாவது அது கிடைத்த உடனே அதே எண்ணைத் திருப்பி அனுப்பும். வந்த செய்தியின் பலத்தை, அதாவது ஆர்எஸ்எஸ்ஐயை, இருவரும் தொடர் எண்ணோடு சேர்த்துப் பதிவார்கள். புதிய மென்பொருள் பதிப்புகளில் செய்தி வரும்போது ஓடுகிற செயற்கூறே (பங்ஷன்) இந்த எண்ணையும் தந்துவிடும். சனலை நிலையாக ஒன்றில் வையுங்கள். அனுப்பும் வலுவையும் மாற்றாதீர்கள். இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாக அனுப்புகிற முறையே நல்லது. தனி முகவரிக்கு அனுப்பினால் கிடைக்காத செய்தியைக் கருவி தானாகத் திரும்பத் திரும்ப அனுப்பும், உங்கள் நேரக்கணக்கு குழம்பும். பொதுவாக அனுப்பினால் மூன்றாவது போர்டும் சிரமமில்லாமல் கேட்கும்.

நேரம்தான் இங்கே உயிர். நடக்கிற வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றர் என்று வையுங்கள். அழைப்புக்கும் பதிலுக்கும் இடையில் 5 மில்லிசெக்கன் போனால் கை அசைந்திருப்பது அரைச் சென்ரிமீற்றர், பரவாயில்லை. 50 மில்லிசெக்கன் தாமதித்தால் 5 சென்ரிமீற்றர். அது கிட்டத்தட்ட அரை அலைநீளம். உங்கள் கூட்டாளியே உங்களுக்கு அந்நியர் ஆகிவிடுவார். ஆகவே பதில் சொல்கிற செயற்கூறுக்குள் திரையில் எழுதுவது, கார்ட்டில் பதிவது போன்ற வேலைகளை வைக்காதீர்கள். முதலில் பதிலை அனுப்பிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

அடுத்த அழைப்புக்கு 100 மில்லிசெக்கன் விடுங்கள். அதற்குள் 10 சென்ரிமீற்றர் நகர்ந்திருப்பீர்கள். புதிய இடம், புதிய எண். இதைவிட வேகமாக எடுத்தால் பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒரே மாதிரி வந்து சாவிக்குள் 1111 0000 என்று கூட்டம் கூட்டமாக நிற்கும்.

படி இரண்டு: நடப்பது

ஒரு போர்டு மேசையில் இருக்க, மற்றதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். அறை, விறாந்தை, குசினி, திரும்ப அறை. நேர்கோட்டில் நடக்க வேண்டாம்.

நான் முதலில் செய்த பிழை, இரண்டையும் மேசையில் வைத்து விட்டுத் தேநீர் குடிக்கப் போனது. வந்து பார்த்தால் எண்கள் அழகாக ஏறி இறங்கியிருந்தன. நல்ல சாவி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கோடாக வரைந்து பார்த்தபோதுதான் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி! அதன் இறக்கைகள் அலையைத் தெறித்துக்கொண்டிருந்தன. அதே அறையில் இருந்த மூன்றாவது போர்டிலும் அதே தாளம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, விசிறி நின்றது, பவர் பேங்கில் ஓடிய போர்டுகளின் கோடு தட்டையாகப் படுத்துவிட்டது. பிறகு எஞ்சியது எண்கள் ஒன்றொன்றாகக் கூடிக் குறைகிற நடுக்கம் மட்டும். அது வழியின் குணமல்ல, அந்தந்தப் போர்டின் சொந்த இரைச்சல். அதில் இருந்து பிட் எடுத்தால் இருவருக்கும் பாதிக்குப் பாதி பொருந்தாது.

இடத்தையும் பார்க்க வேண்டும். மருமகன் ஆசைப்பட்டான் என்று உப்புவெளிக் கடற்கரையில் ஒருநாள் செய்தோம். வெறும் மணல், ஆளில்லை, நேரே பார்க்கக்கூடிய தூரம். அலை வந்ததெல்லாம் நேர்வழியும் ஈரமணலில் பட்டுத் தெறித்த ஒரு வழியும்தான். தூரம் கூடக்கூடப் பலம் குறைந்தது, அவ்வளவே. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அவன் எவ்வளவு தூரத்தில் நடக்கிறான் என்று கண்ணால் பார்க்கிற எவரும் எண்ணைக் கிட்டத்தட்ட ஊகிக்கலாம். இந்த வேலைக்கு அழகான இடம் கூடாத இடம். சாமான் அடுக்கிய அறை, சனம் நடமாடுகிற கடைத்தெரு, இவைதான் நல்ல வயல்.

இன்னொன்று. கோட்டைக்குள் இராணுவம், துறைமுகப் பக்கம் கடற்படை. வயரும் பவர் பேங்கும் மினுங்குகிற லைட்டுமாக அந்தப் பக்கம் உலாவுகிற விளையாட்டு வேண்டாம். போர்டு வருகிற வலுவோடு 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் நில்லுங்கள். வெளிநாட்டில் இருந்து வேறு வானலைக் கருவி இறக்குவதாக இருந்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியை முதலில் பாருங்கள்.

படி மூன்று: எண்ணைப் பிட்டாக்குவது

இதைத் தாளில் ஒருமுறை கையால் செய்து பாருங்கள், பிறகு புரோகிராம் எழுதுங்கள். பயிற்சிக்காகப் பத்து எண்கள் தருகிறேன், டிபிஎம் அலகில் (சமிக்ஞையின் பலத்தை அளக்கிற அலகு; இங்கே 0க்குக் கிட்ட வரவரப் பலம் கூடும்).

முதல் போர்டு: −52, −61, −55, −68, −57, −49, −66, −60, −71, −53
இரண்டாவது: −53, −62, −55, −67, −58, −50, −67, −57, −70, −54

முதலாவதன் இடை (சராசரி) −59.2. இரண்டாவதன் இடை −59.3. இடைக்கு மேலே என்றால் 1, கீழே என்றால் 0 என்று வைத்தால் எட்டாவது எண்ணில் இடறுவீர்கள்: −60 முதலாமவருக்கு 0, −57 இரண்டாமவருக்கு 1. இடைக்குப் பக்கத்தில் நிற்கிற எண்கள்தான் எப்போதும் சண்டை பிடிக்கும். அதனால் இடைக்கு இருபுறமும் 3 அளவுக்கு ஒரு வரப்பு போடுங்கள். வரப்புக்குள் விழுகிற எண்ணைத் தூக்கி எறியுங்கள். முதல் போர்டில் 2, 5, 8 ஆம் எண்கள் விழுகின்றன. இரண்டாவதிலும் அதே மூன்று. மிஞ்சியது இருவருக்கும் 1101001. ஏழு பிட்.

எறிந்த எண்களின் பட்டியல் இரண்டு பக்கத்திலும் எப்போதும் ஒன்றாக இராது. ஆகவே "நான் 2, 5, 8ஐ எறிந்தேன்" என்று இருவரும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வார்கள். இருவரில் யார் எறிந்ததையும் இருவரும் விடுவார்கள். ஒட்டுக்கேட்பவருக்கு இடம் தெரியும். அந்த இடத்தில் 0ஆ 1ஆ என்பது தெரியாது.

இரண்டு நுணுக்கம். ஒன்று, முழு நடைக்கும் ஒரே இடையை எடுக்காதீர்கள். அந்தந்த எண்ணைச் சுற்றியுள்ள இருபது எண்களின் இடையை எடுங்கள். தூரம் கூடுவதால் வருகிற மெதுவான இறக்கம், கடற்கரையில் நாங்கள் கண்டது, இதனால் கழிந்துபோகும். மிஞ்சுவது கூட்டல் கழித்தலின் வேகமான ஆட்டம் மட்டும். மற்றது, ஒரு போர்டு எப்போதும் மற்றதைவிட மூன்று நான்கு குறைத்துக் காட்டினாலும் கவலையில்லை. ஒவ்வொருவரும் தங்கள் சொந்த இடையைத்தானே பார்க்கிறார்கள். வரப்பின் அகலத்துக்கு நான் நியம விலகலின் அரைவாசியை எடுப்பேன்.

128 பிட் சாவிக்கு 128 பிட் சேர்த்தால் போதாது. அடுத்த இரண்டு படியிலும் கொஞ்சம் கரையும். நான் 600 வரை சேர்ப்பேன். செக்கனுக்குப் பத்து எண் வீதம் இரண்டு நிமிடத்துக்குள் முடியும்.

படி நான்கு: பிழை தேடுவது

இவ்வளவு கவனித்தாலும் ஒன்றிரண்டு பிட் பொருந்தாது. பிட் சரத்தை எட்டு எட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டிலும் உள்ள 1களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று இருவரும் சொல்லிக்கொள்ளுங்கள். பொருந்தாத கட்டை நாலாக, இரண்டாக, ஒன்றாக வெட்டிக்கொண்டு போனால் பிழைத்த பிட் அகப்படும். ஒரே கட்டில் இரண்டு பிழை இருந்தால் இந்தக் கேள்விக்கு அது தப்பிவிடும். அதற்காகப் பிட்களின் வரிசையை இருவரும் ஒரே விதமாகக் குலைத்துவிட்டு, திரும்பவும் ஒருமுறை கேளுங்கள். கஸ்கேட் என்ற பெயரில், ஒளித்துகள்களால் சாவி பகிர்கிற குவாண்டம் சாவிக்காரர்கள் பாவிக்கிற முறையின் எளிய வடிவம் இது. ஒவ்வொரு ஒற்றை இரட்டைப் பதிலும் ஒட்டுக்கேட்பவருக்கு ஒரு பிட் இலவசமாகக் கொடுக்கிறது. எத்தனை பதில் சொன்னீர்கள் என்று எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள்.

படி ஐந்து: பிழிந்தெடுப்பது

ஒத்துப்போன நீண்ட சரத்தை ஷா-256 (எந்தச் சரத்தையும் 256 பிட்டாகக் கலக்கித் தருகிற கணக்கு) ஊடாக விட்டு, வருகிற விடையில் முதல் 128 பிட்டை எடுங்கள். தேங்காய்ப்பாலைத் துணியில் பிழிந்து எடுக்கிற மாதிரி. ஒட்டுக்கேட்பவருக்கு அங்கொன்று இங்கொன்று தெரிந்திருந்தாலும், தெரியாத பகுதி போதிய அளவு இருந்தால், பிழிந்த பிறகு அவரிடம் உருப்படியாக ஒன்றும் மிஞ்சாது. இருவரிடமும் ஒரே சாவிதானா என்று பார்க்கச் சாவியை அனுப்பிவிடாதீர்கள்! (சிரிக்காதீர்கள், செய்திருக்கிறார்கள்.) ஒருவர் ஓர் எழுமாற்று எண்ணை அனுப்பட்டும், மற்றவர் அதைச் சாவியோடு சேர்த்து எச்மேக் (சாவி இல்லாதவரால் போடமுடியாத விடை தருகிறது) கணக்குச் செய்து விடையை அனுப்பட்டும்.

128 பிட் என்பது 16 பைட். இஎஸ்பி-நவ் கேட்கிற சாவியும் சரியாக 16 பைட். அப்படியே கொண்டுபோய்ப் போடலாம். ஆனால் பொதுவாக அனுப்பும் செய்திகளை இஎஸ்பி-நவ் மறையாக்காது. சாவி வந்த பிறகு தனி முகவரிக்கு மாறவேண்டும். மாற மறந்தால் சாவி பெட்டிக்குள் இருக்கும், செய்தி தெருவில் போகும்.

மூன்றாவது போர்டு என்ன சொல்கிறது

இனித்தான் உண்மையான பரீட்சை. மூன்றாவது போர்டை நடப்பவரிடம் இருந்து ஒரு மீற்றர் தள்ளி ஒருவர் கொண்டு வரட்டும். மேசைப் போர்டின் அதே செய்திகளை அது எவ்வளவு பலத்தோடு கேட்டது என்று பதியட்டும். மூன்று பட்டியலையும் தொடர் எண்ணால் பொருத்தி, எக்செல்லில் இணைபுக் குணகம் (இரண்டு பட்டியல் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டுகிற எண்) பாருங்கள். உங்கள் இருவருக்கும் இடையில் 1க்குக் கிட்டவும், மூன்றாவதோடு 0க்குக் கிட்டவும் வரவேண்டும். மூன்றாவதோடும் கூடுதலாக வந்தால் தூர இறக்கத்தை நீங்கள் கழிக்கவில்லை, அல்லது விசிறிக்குக் கீழே நிற்கிறீர்கள்.

இந்தப் பரீட்சையில் தேறினாலும் இரண்டு ஓட்டை இருக்கின்றன. நடமாட்டத்தை எதிராளி தன் கைக்குள் வைத்திருந்தால், வேண்டுமென்றே இருவருக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தால், ஏற்ற இறக்கத்தை அவரே உண்டாக்கலாம். 2009இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். நீங்கள் நடக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். மற்றது இன்னும் பெரியது. மருமகன் தானாகவே கேட்டான்: "மாமா, நான் உங்களோடதான் சாவி எடுக்கிறன் எண்டு எப்படித் தெரியும்?" தெரியாது. நடுவில் ஒருவன் இருந்து, மருமகனோடு ஒரு சாவி, என்னோடு ஒரு சாவி என்று எடுத்துக்கொண்டால் இருவருக்கும் எல்லாம் சரியாகவே தோன்றும். வானலை இரகசியம் தரும். ஆளை அடையாளம் காட்டாது.

நான் செய்கிற பரிகாரம் இது. முதல் சாவியை இரண்டு போர்டுக்கும் வீட்டில் கேபிளால் போட்டுவிடுவேன். அந்தச் சாவியால்தான் எறிந்த எண்களின் பட்டியலுக்கும் ஒற்றை இரட்டைப் பதில்களுக்கும் முத்திரை வைப்பது. பிறகு ஒவ்வொரு நாளும் வானலையில் இருந்து புதிதாக எடுக்கிற பிட்களைப் பழைய சாவியோடு சேர்த்து ஷா-256 ஊடாக விட்டு, புதிய சாவி. கேபிளால் போட்ட சாவி பின்னொரு நாள் வெளியே தெரிந்தாலும், இடையில் நடந்த நடைகளின் எண்கள் இல்லாமல் இன்றைய சாவியைக் கட்ட முடியாது.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு ஆர்எஸ்எஸ்ஐ என்ற ஒற்றை எண்ணை விட்டு முன்னே போகலாம். ஒரு செய்திக்குள்ளேயே பல மீடிறன்களில் வழி எப்படி இருந்தது என்று தனித்தனியாகக் காட்டுகிற விபரத்தையும் இஎஸ்பி32 தரும்; ஒரே செய்தியில் பத்துக்கணக்கான எண்கள். மருமகன் இப்போது அதில்தான் நிற்கிறான். இரண்டு நாளாக ஒன்றும் வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். காரணம் சின்னது: இஎஸ்பி-நவ் வழக்கமாக அனுப்புகிற 1 எம்பிபிஎஸ் வேகம் பழைய வகை அலைவடிவம், அதில் இந்த விபரம் கிடையாது. அனுப்பும் வேகத்தை 6 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றினால் வரத் தொடங்கும்.